இன்ஜெக்டர் சீலும் எங்கள் வீட்டுத் தைலமும்

நான் மேஜைமேல் விசிறியடித்த ரப்பர் வளையங்களில் ஒன்றைக் கடைக்காரர் எடுத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நான் கொஞ்சமும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"ஏனுங்க, ஊட்டுல யாருக்குங்க சளி?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. குன்னூரில் வண்டிச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் சந்து அது. உச்சி நேரம். ஜெகதளாவில் எனக்காகத் தேயிலை மூட்டைகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் வண்டியோ வீட்டு வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. இந்த மனுஷன் சளியைப் பற்றி விசாரிக்கிறார்!

"சைஸ் தப்பாக் குடுத்ததுமில்லாம நக்கல் வேறயா?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்கு பேட்டரி வாங்க வந்தவர்கூட எட்டிப் பார்த்தார்.

கதையை நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். போன வாரம், நாற்பதைத் தாண்டிய வயதில் லைசென்ஸ் எடுக்கப் போய் எட்டுப் போட முடியாமல் முழித்த கூத்தை எழுதியிருந்தேன். அந்த லைசென்ஸை நம்பி வாங்கிய வண்டி முதல் தடவையாக என் கழுத்தைப் பிடித்த நாள் இது.

குட்டியானை வந்தது

எங்கள் பக்கத்தில் தேயிலை என்றால் பெரிய எஸ்டேட் மட்டும் இல்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள்தான் அதிகம். பறித்த பச்சை இலை அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். மூட்டையில் ஒரு ராத்திரி கிடந்தால் உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் அதை ஆட்டுக்குட்டிகூட மோந்து பார்க்காது.

ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஃபேக்டரிக்கு நடக்க முடியுமா? அதனால் ஏஜெண்ட் என்று ஒருவர் வண்டியோடு வந்து எல்லா இலையையும் ஏற்றிப் போவார். அந்த வேலைக்குத்தான் நான் இறங்கினேன். வாங்கியது சின்ன பெட்ரோல் லோடு வண்டி. ஊர்ப் பாஷையில் குட்டியானை.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு பண்டகசாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வண்டி வந்த அன்றைக்கு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பொம்பள இலை வண்டி ஓட்டி நான் பாத்ததில்ல புள்ள," என்றார். "இப்பப் பாருங்க," என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் மனிதர் அந்த வண்டியில் ஒரு நாள்கூட ஏறவில்லை. எங்கள் ஊர் அருவங்காட்டிலிருந்து குன்னூருக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நிற்பார். நான் அவர் முன்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போவேன். வேண்டுமென்றேதான் அடிப்பேன்.

ஜெகதளாவில் ஒரு தெரு முழுக்க எனக்கு இலை கொடுக்க ஒத்துக்கொண்டது. பழைய ஏஜெண்ட், இலை ஈரமாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே எடையில் கை வைக்கிறார் என்று அவர்களுக்கு எரிச்சல். தெருவுக்காகப் பேசியவர் நஞ்சண்ணன். படுகர். வீட்டாரிடம் படுகுவிலும் என்னிடம் தமிழிலும் ஒரே மூச்சில் பேசுவார்.

"அக்கா, உங்களுக்கே குடுக்கறோம். ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்க இலை ராத்திரி தங்குச்சுன்னு வெச்சுக்கங்க, மறுநாளே பழைய ஆளுக்குப் போயிரும். அப்பறம் என்கிட்டக் கோவிச்சுக்கக் கூடாது," என்றார்.

"தங்காது," என்றேன். அந்தத் தெரு போனால் என்னிடம் மிஞ்சுவது அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து மூட்டைதான். வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

பெட்ரோல் வாசம்

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு சனிக்கிழமை, லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது என் மூக்குக்கே எட்டுகிற அளவுக்குப் பெட்ரோல் வாசம் குப்பென்று அடித்தது. மெக்கானிக் செல்வத்தின் பட்டறைக்கு நேராக விட்டேன்.

செல்வம் சீட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்த்தான். இன்ஜெக்டர் என்பது பெட்ரோலைப் பொடிச் சாரலாக இன்ஜினுக்குள் அடிக்கிற, பேனா தண்டிக்கு ஒரு சாமான். என் வண்டியில் அது இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு ரப்பர் வளையம், காலில் ஒரு வளையம். பெட்ரோல் வெளியே கசியாமல் பிடித்து வைப்பது அந்த வளையம்தான். சீல் என்பார்கள். பழைய சீலை அவன் நிமிண்டி எடுத்ததும் கண்ணாடி வளையல் மாதிரிப் படக்கென்று ஒடிந்தது.

"இதோட இவ்வளவு தூரம் ஓட்டியிருக்கீங்களேக்கா! சூடான இன்ஜின் மேல சொட்டியிருந்தா வண்டியோட நீங்களும் போய்ச் சேர்ந்திருப்பீங்க. புது சீல் போடாம நகத்தாதீங்க."

மறுநாள் அவன் மச்சினன் கல்யாணம். திங்கட்கிழமை காலையில் வீட்டுக்கே வந்து மாட்டித் தருகிறேன் என்றான். கசியாதபடி குழாயை ஏதோ தற்காலிகமாகக் கட்டி, தெரிந்தவர் ஜீப்பில் கயிறு போட்டு இழுத்து வண்டியை வீட்டு வாசலில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை யாரும் இலை பறிப்பதில்லை, அதுவரை நல்லது. அன்று சாயங்காலமே குன்னூர் போய் புது சீல் வாங்கி வந்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று சாமி அலமாரியில் வைத்தேன். ஞாயிறு முழுக்க அதற்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

எங்கள் வீட்டுத் தைலம்

இங்கே ஒரு நிமிஷம் தைலத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது.

என் மாமனார் யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சித் தைலம் இறக்கியவர். ஊட்டிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் சின்ன சீசாவில் வாங்கிப் போவார்களே, அதேதான். எங்கள் வீட்டில் அது சீசாவில் இருக்காது, கேனில் இருக்கும். சளிக்குத் தைலம். முட்டிவலிக்குத் தைலம். மூட்டைப்பூச்சிக்குத் தைலம். தரை துடைக்கிற தண்ணீரில் ஒரு மூடி. சட்டையில் பெயின்ட் பட்டால், புதுப் பாத்திரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் வராவிட்டால், கதவுக் கீல் கிறீச்சிட்டால், எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுக்காரர் அந்தக் கேனோடு வந்து நிற்பார்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன முதல் வாரம் முழுக்க என் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. புதுப்பெண் அம்மாவை நினைத்து அழுகிறாள் என்று ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். தைலக் காரம் தாங்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் மூக்கு மரத்துப்போனது. இன்றைக்கு ஒரு கேனைத் தலையில் கவிழ்த்தாலும் எனக்கு வாசம் தெரியாது.

திங்கட்கிழமை

சொன்னபடி செல்வம் காலையில் வந்துவிட்டான். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினான். பெட்ரோல் குழாயையும் இரண்டு இன்ஜெக்டர்களையும் ஒன்றாகத் தூக்கி எடுத்து, வெள்ளைத் துணியில் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தினான். நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வண்டி, நான் பார்க்காமல் யார் பார்ப்பது?

"ஒரு சொட்டு சுத்தமான இன்ஜின் ஆயில் குடுங்கக்கா. காஞ்ச ரப்பரை அப்படியே தள்ளுனா மடங்கிக் கிழிஞ்சிரும்."

"கிரீஸ் வேண்டாமா?"

"ஐயோ, கிரீஸ் வெச்சா அது போய் இன்ஜெக்டர் மூக்கை அடைச்சுக்கும். ஆயில்தான். அதுவும் விரல் நுனில தடவற அளவுக்குத்தான்."

சாமி அலமாரியிலிருந்து சீல் பொட்டலத்தை எடுத்து வந்தேன். அவன் எண்ணெய் தடவி மாட்டினான். வளையம் அதற்குரிய பள்ளத்தில் உட்காரவே இல்லை. அழுத்தினால் ஒரு பக்கம் உள்ளே போகிறது, மறுபக்கம் புடைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

"சைஸ் கொஞ்சம் பெருசாட்டத் தெரியுது. இருங்க, தள்ளிப் பாக்கலாம்," என்று தம் பிடித்துத் தள்ளினான். எப்படியோ உள்ளே போனது. குழாயை முடுக்கி, பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினான். பம்ப் ஓடுகிற சத்தம் 'ம்ம்' என்று கேட்டது. அடுத்த நொடி இன்ஜெக்டர் ஓரமாகப் பெட்ரோல் சீறியடித்தது. செல்வம் சாவியைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் தாவினான்.

கழற்றிப் பார்த்தால் சீல் ஓரம் பிய்ந்திருந்தது.

"கடைக்காரன் வேற வண்டி சீலைக் குடுத்து ஏமாத்திப்போட்டானுங்க," என்றான். அதற்குள் அவனுக்கு போன். கேத்தி பக்கம் ஒரு பஸ் நடுரோட்டில் நின்றுவிட்டதாம், ஆட்கள் இறங்கி நிற்கிறார்களாம். சரியான சீல் கிடைத்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் சீல்களைப் பொறுக்கிப் பையில் போட்டேன். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் பாதி எழுந்து, "ஏம்புள்ள சரசு..." என்றார். யார் நின்று கேட்டது? அந்தக் கடைக்காரரை இன்று ஒரு வழி பண்ணாமல் வருவதில்லை என்று விடுவிடுவென்று இறங்கிப் போனேன்.

மூக்கு சொன்ன உண்மை

அப்படிப் போய் நின்ற இடத்தில்தான் அவர் சளி யாருக்கு என்று கேட்டார்.

நான் கத்தி முடிக்கும் வரை அவர் பொறுமையாக இருந்தார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு புது சீலை எடுத்து, நான் கொண்டுபோனதற்குப் பக்கத்தில் வைத்தார். அதே கம்பெனி, அதே நம்பர். ஆனால் என்னுடையது மழையில் ஊறிய பட்டாணி மாதிரி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் கொழகொழவென்று அமுங்கியது.

"இந்த ரப்பர் பெட்ரோலுக்குத் தாங்குமுங்க. தைலத்துக்குத் தாங்காது. ஸ்டிக்கர் பசையவே கரைக்கிற சாமானுங்க அது, ரப்பரைச் சும்மா விடுமுங்களா? யாரோ இதை நல்லா ஊறப்போட்டிருக்கறாங்க."

யாரோ இல்லை. எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அலமாரியில் வைத்தது நான், கேனுக்குச் சொந்தக்காரர் அவர். அந்த வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. வாசல் வரைக்கும் தைலம் மணக்கிற வீட்டில் செல்வத்தின் மூக்குக்கு அது தனியாகத் தெரிந்திருக்காது.

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்கக்கா, மலைல இருந்துட்டு இது கூட நடக்கலீன்னா எப்படி?" என்று சிரித்துக்கொண்டே புது சீல்களைக் கட்டிக் கொடுத்தார். "இதையாவது தைலம் படாம மாட்டச் சொல்லுங்க."

ஆட்டோவில் திரும்பும்போது என் நெஞ்சு கொதித்தது. வண்டி வாங்கியதே அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மாதமாக ஏறவும் இல்லை. வேண்டுமென்றே செய்திருப்பாரோ? அந்த நினைப்பு வந்ததும் கோபம் போய் அழுகை முட்டியது. சீல் போனால் வேறு வாங்கலாம். இது அப்படியா?

வாசலில் ஒரு சண்டை

"சீலைத் தைலத்துல போட்டீங்களா?" ஆட்டோ கிளம்பக்கூட விடாமல் கேட்டேன்.

"ம்."

"ஏன்?"

"நேத்து ராத்திரி ஒரு கிண்ணத்துல ஊறப்போட்டேன். விடியால எடுத்துத் தொடச்சு வெச்சேன். மெதுவாகி லேசா எறங்குமேன்னு..."

"நான் இந்த வண்டி ஓட்டறது உங்களுக்குப் புடிக்கல. அதான வேணும்னே பண்ணீங்க?"

அவர் முகம் சுண்டிப்போனது. பேப்பரை நாலாக மடித்தார். மறுபடி பிரித்தார்.

"சனிக்கெழமையிலிருந்து நீ தூக்கத்துல கூட இலை, இலைன்னு பொலம்பறே. நானும் ஏதாச்சும் செய்யோணும்னு இருந்துச்சு. வண்டியப் பத்தி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சது தைலம் ஒண்ணுதான் சரசு."

இந்த ஆளைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா? தெருவில் இரண்டுமே முடியாது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. நஞ்சண்ணன்.

"மூட்டை கட்டியாச்சுக்கா. வர்றீங்கல்ல?"

"வர்றேன்," என்றேன்.

நானே மாட்டினேன்

செல்வத்தைக் கூப்பிட்டேன். பஸ்ஸுக்கடியில் படுத்திருந்தான்.

"ஆறு மணிக்கு வந்தர்றேங்க்கா."

"ஆறு மணிக்கு வந்து என்ன பண்ணப்போறே, இலைக்குப் பாடை கட்டவா? ஃபேக்டரில எடை போடறதை அஞ்சரைக்கு நிறுத்திருவாங்க. காலைல நீ பண்ணுனதை நான் பாத்தேன். நானே மாட்டறேன். போனை வெக்காத."

"அக்கா, வெளையாடாதீங்க. பெட்ரோல் சமாச்சாரம்."

"அதனாலதான் உன்னைக் கேக்கறேன். சொல்லு."

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். "பேட்டரி வயர் கழட்டியிருக்குதா பாருங்க. பக்கத்துல அடுப்பு, ஊதுபத்தி ஒண்ணும் எரியக் கூடாது. காலைல பிஞ்ச சீல்ல துண்டு ஏதாச்சும் கொறையுதா?"

பார்த்தேன். ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு காணவில்லை. அதைப் போனில் சொன்னேன்.

"அப்ப அது ஓட்டைக்குள்ள இருக்கும். அதை எடுக்காம மாட்டுனா இன்ஜினுக்குள்ள போயிரும். ஊசி, கம்பி எதையும் உட்டுக் கீறாதீங்க."

எங்கள் வீட்டுக்காரர் உள்ளே போனார். டார்ச்சும், சீமாற்றிலிருந்து உருவிய ஒரு ஈர்க்குச்சியும் கொண்டுவந்தார். தரையில் முட்டி போட்டு, தலையை இன்ஜினுக்குள் நுழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ரொம்ப நேரம் துழாவினார். முட்டிவலிக்காரர், ஒரு முனகல் இல்லை. கடைசியில் ஈர்க்கு நுனியில் ஒட்டிக்கொண்டு அந்தக் கறுப்புத் துணுக்கு வெளியே வந்தது. அதைப் பிய்ந்த சீலோடு வைத்துப் பொருத்திப் பார்த்தோம். சரியாக இருந்தது.

"எடுத்தாச்சு!" என்று அவர் போனைப் பார்த்துக் கத்தினார்.

கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். இன்ஜெக்டரையும் துவாரத்தையும் நூல் பிரியாத துணியால் துடைத்தேன். புது சீலை எடுத்து, விரல் நுனியில் ஒரு சொட்டு ஆயில் தொட்டுச் சுற்றித் தடவினேன். மாட்டினேன். சொன்னால் நம்புங்கள், அது தன் பள்ளத்தில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. செல்வம் சொன்னபடி நேராகப் பிடித்து, துளி திருகினாற்போல் அழுத்தினேன். இன்ஜெக்டர் மெத்தென்று இறங்கியது. இரண்டாவதும் அப்படியே.

குழாயை முடுக்கினேன். பேட்டரியை மாட்டினேன். சாவியை மட்டும் திருப்பினேன். 'ம்ம்' என்று பம்ப் ஓடி நின்றது.

"மோந்து பாருங்க, வாசம் வருதா?" என்றான் செல்வம்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இரண்டு மூக்கையும் நம்பி ஒரு தீப்பெட்டி கூட வாங்க முடியாது. பேப்பரைக் கிழித்து இன்ஜெக்டர் இடுக்கில் சுற்றி ஒற்றி எடுத்தோம். ஈரம் இல்லை. மறுபடி சாவி, மறுபடி பேப்பர். உலர்ந்தே இருந்தது. அப்புறம்தான் ஸ்டார்ட் செய்தேன். வண்டி ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு மீண்டும் ஒற்றிப் பார்த்தோம். அப்போதும் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

நான் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தால், அந்தப் பக்கக் கதவு திறந்தது. எங்கள் வீட்டுக்காரர் வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஏறினார்.

"நேரமாயிருச்சு. நீ ஒருத்தியா எப்ப மூட்டை ஏத்தறது? போ," என்றார். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

கை மூட்டைக்குள் போனது

ஜெகதளாவில் மூட்டைகள் ரோட்டோரம் அடுக்கியிருந்தன. எங்கள் வீட்டுக்காரர் ஒவ்வொரு மூட்டையாகத் தோளில் வாங்கி ஏற்றினார். நஞ்சண்ணன் தன் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார். இலை எடுபடுகிறதா என்று கண்ணால் பார்க்காமல் அவர் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். இறக்கத்தில் முழுக்க இரண்டாவது கியர்தான். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய ஹெட்லைட் என் கண்ணாடியில் வந்து விழுந்தது.

ஃபேக்டரி வாசலில் நாங்கள்தான் கடைசி வண்டி. இலை வாங்குகிற சூப்பர்வைசர் புது ஆள், என்னைப் பார்த்ததில்லை. பின்கதவை இறக்கச் சொன்னார். அடியில் கிடந்த ஒரு மூட்டையைத் தேர்ந்தெடுத்து, வாயைப் பிரித்து, முழங்கை மறையும் வரை கையை உள்ளே விட்டார். இலையின் சூட்டை இப்படித்தான் பார்ப்பார்கள். நஞ்சண்ணன் பைக்கிலிருந்து இறங்காமல் நின்றார்.

சூப்பர்வைசர் கையை வெளியே எடுத்தார். இன்னொரு மூட்டை. அதிலும் விட்டு எடுத்தார்.

"சூடில்ல. எறக்கலாம்," என்றார்.

நஞ்சண்ணன் பைக்கைத் திருப்பினார். "நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனவே வாங்கக்கா. இலை ஜாஸ்தியா இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சூப்பர்வைசர், வேட்டியெல்லாம் இலைக் கறையோடு நின்ற எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். "டிரைவரண்ணா, வண்டியை ரிவர்ஸ் எடுத்து எடைமேடைக்கு விடுங்க."

"நான் லோடுமேனுங்க," என்றார் எங்கள் வீட்டுக்காரர். "டிரைவர் அவங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டேன். கண்ணாடியில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அவர் எடைமேடை ஓரத்தில் போய் நின்று, ஃபேக்டரி முழுக்கக் கேட்கிற மாதிரி, "வரலாம்... வரலாம்... இன்னுங் கொஞ்சம் வரலாம்..." என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.